வீட்டில் விசேஷம், வீட்டில் நோயாளி

தை பிறந்ததும், பின்னர் வைகாசியிலும் ஆவணியிலும், எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுகின்றது. மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்து, எழுந்து செல்லும் வேளையில்தான் அதைக் கேட்பார்கள். "வீட்டில் ஒரு விசேஷம் வைத்திருக்கிறோம். வைக்கலாமா, தள்ளிப்போடலாமா?" பேத்தியின் காதுகுத்தாக இருக்கலாம், மகளின் வளைகாப்பாக, புதுவீட்டுப் பால்காய்ப்பாக, குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கிடா விருந்தாக இருக்கலாம். கேட்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். உடன் வந்த மருமகளோ மகனோதான். நோயாளி வாசற்படியில் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பெரும்பாலான வேளைகளில் எங்கள் விடை, "தாராளமாக வையுங்கள்" என்பதே. நோய் வந்த வீட்டில் மங்கலம் நிகழக் கூடாது என்று எந்த மருத்துவ நூலும் கூறவில்லை. மாறாக, நெடுநாள் நோயில் கிடப்பவருக்கு எதிர்நோக்க ஒரு நாள் இருப்பது நல்லது. எப்படி வைப்பது என்பதில்தான் சிக்கல் இருக்கின்றது. வேடசந்தூர், வடமதுரை, எரியோடு, குஜிலியம்பாறைப் பகுதிகளிலிருந்து எங்களிடம் வரும் குடும்பங்களுக்காக, அவர்களிடமிருந்தே நாங்கள் கற்றவற்றை இங்கு எழுதுகின்றோம்.

நாள் குறிக்கும் முன்

வேடசந்தூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. சோதிடர் குறித்துக் கொடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அதுவோ அம்மையாரின் டயாலிசிஸ் நாள். வீட்டார் எளிதாக ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: அந்த ஒரு முறையை மட்டும் விட்டுவிடலாம், அடுத்த செவ்வாயன்று சேர்த்துச் செய்துகொள்ளலாம்.

டயாலிசிஸைச் சேர்த்துச் செய்ய இயலாது. சிறுநீரகம் செய்யாத வேலையை இயந்திரம் குறித்த இடைவெளியில் செய்துவருகின்றது. ஒரு முறை தவறினால், வெளியேற வேண்டிய நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறல் உண்டாகலாம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, எந்த முன்னறிவிப்பும் இன்றி இதயத் துடிப்பு குலையலாம். விருந்து நாளோ வழக்கத்தைவிட அதிகம் உண்ணும், அதிகம் பருகும் நாள். கிடா விருந்து முடிந்த இரவில், படுக்க இயலாமல் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடி வந்தவர்களை நாங்கள் கண்டிருக்கின்றோம். அவர்களிடம் கேட்டால், "விசேஷ வேலையில் ஒரு முறை போக முடியவில்லை" என்ற ஒரே கதைதான்.

ஆகவே நாள் குறிக்கச் செல்லும்போது பஞ்சாங்கத்துடன் மருத்துவமனை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. முகூர்த்த நாள்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை கிடைக்கும். அவற்றுள் எது நோயாளிக்கு உகந்தது என்று பார்ப்பதில் எந்தச் சாத்திரக் குற்றமும் இல்லை. நாளை மாற்ற இயலாவிடில், இரண்டு வாரங்களுக்கு முன்பே டயாலிசிஸ் பிரிவில் சொல்லுங்கள். முதல் நாளுக்கு மாற்றித் தர முயல்வார்கள். அந்த அம்மையாருக்கு வியாழக்கிழமையாக மாற்றப்பட்டது. அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பே தேவைப்பட்டது.

புற்றுநோய்க்கு ஊசிமருந்துச் சிகிச்சை பெறுவோருக்குக் கணக்கு வேறு. மருந்து ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் பொதுவாக இரத்த வெள்ளணுக்கள் மிகவும் குறையும். சில மருந்துகளுக்கு இது மாறுபடும். அந்த நாள்களில் கூட்டத்தில் அமர்வது நல்லதன்று. அடுத்த ஊசிக்குச் சற்று முன்பாக நாள் அமைந்தால் உடல் ஓரளவு தேறியிருக்கும். உங்கள் மருத்துவரிடம் "எந்த வாரம் பாதுகாப்பானது?" என்று நேராகக் கேளுங்கள்.

எத்தனை பேர்?

நம் பக்கத்தில் இது மருத்துவக் கேள்வி மட்டும் அன்று. மொய்க் கேள்வியும் ஆகும். யார் யாருக்கு நாம் செய்திருக்கின்றோம், யார் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது நோட்டில் எழுதப்பட்டிருக்கின்றது. அழைக்காமல் விட்டால் செய்த பணம் வராது, மனத்தாங்கலும் வரும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில் ஆடி மாதத்தில் இதற்கென்றே மொய் விருந்து வைப்பார்கள். நமக்கு விசேஷத்தோடு ஒட்டியே வந்துவிடுகின்றது.

சிகிச்சைச் செலவை ஈடுகட்ட மொய் உதவும் என்று எண்ணிப் பெரிதாக விருந்து வைக்க முனையும் குடும்பங்களும் உண்டு. இங்கு நாங்கள் எங்கள் எல்லையைச் சற்று மீறியே பேசுகின்றோம்: வட்டிக்கு வாங்கி விருந்து வைத்து, வரும் மொய்யில் மருத்துவச் செலவைப் பார்க்கலாம் என்ற கணக்கு பலமுறை தோற்றிருக்கின்றது. பந்தல், சமையல், மைக்செட், தாம்பூலப் பை எல்லாவற்றுக்கும் உடனே கொடுத்தாக வேண்டும். மேலும், வந்த மொய் வருமானம் அன்று. அடுத்தடுத்த ஆண்டுகளில் கொடுத்துத் தீர்க்க வேண்டிய கடன். மருந்துக்கென ஒதுக்கிய பணத்தை மட்டும் தொடாதீர்கள்.

2020 ஊரடங்கின்போது திருமணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி வந்தது. அந்நாளில் ஐம்பது பேர் முன்னிலையில் தாலி கட்டியவர்கள் எவரும் இன்று திருமணமாகாதவர்களாக எண்ணப்படுவதில்லை. சிறிய விசேஷம் குறைவான விசேஷம் அன்று என்பதை ஊரே ஒருமுறை ஒத்துக்கொண்டுவிட்டது. அதை மறக்காமல் இருந்தால் போதும். நோயாளியின் நிலையைச் சொல்லி, "நெருங்கிய சொந்தம் மட்டும் கூடுகிறோம், அம்மா தேறியதும் எல்லோரையும் அழைக்கிறோம்" என்று வீட்டின் மூத்தவர் ஒருவர் முன்கூட்டியே பேசிவிட்டால், மனத்தாங்கல் பெரும்பாலும் எழுவதில்லை. சொல்லாமல் விடும்போதுதான் எழுகின்றது.

பெருங்கூட்டம் தவிர்க்க இயலாதது என்றால், சடங்கை வீட்டிலும் பந்தியை மண்டபத்திலோ கோயில் வளாகத்திலோ பிரித்து வையுங்கள். நோயாளி சடங்கில் மட்டும் இருந்துவிட்டு ஓய்வெடுக்கலாம்.

பந்தியும் சமையலும்

திண்டுக்கல் வட்டாரத்தில் விருந்து என்றால் சீரக சம்பா பிரியாணி முன் வந்து நிற்கும். 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய கடையின் பெயர் இன்று கடல் கடந்தும் தெரியும். நாங்கள் பிரியாணிக்கு எதிரிகள் அல்லர். அது எப்போது சமைக்கப்பட்டது, எப்போது பரிமாறப்பட்டது என்பதே எங்கள் கவலை.

சோற்றைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அரிசியில் இயல்பாகவே பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். கொதிக்கும் நீரிலும் அவை சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு, வாந்தியை உண்டாக்கும் வகையாக இருந்தால், மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. உண்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். "நன்றாகச் சூடு பண்ணித்தானே கொடுத்தோம்" என்று வியப்பவர்களுக்கு இதுவே விளக்கம். இறைச்சிக் குழம்பைப் பெரிய அண்டாவில் வைத்து மெல்ல ஆறவிட்டால், வேறொரு நுண்ணுயிர் அதில் பெருகும். சமைப்பவர் விரலில் சீழ்ப்புண் இருந்தால், அதிலிருந்து உணவில் இறங்கும் கிருமியின் நஞ்சும் கொதிநிலையைத் தாங்கும்.

நலமாக இருப்பவர் ஒரு நாள் வாந்தியோடு தப்பித்துவிடுவார். சர்க்கரை நோயாளிக்கும், இதய நோயாளிக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும், கர்ப்பிணிக்கும் அதே வாந்தி மருத்துவமனைப் படுக்கையில் கொண்டுபோய் முடியும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு எளியது: சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும், இடைப்பட்ட நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் நம் பந்தலின் கீழ் இரண்டு மணி நேரம் என்பதே மிகுதி. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் இதன் பொருள், விடியற்காலை நான்கு மணிக்கே சமைத்து முடித்து மதியம் பரிமாறச் சமையல்காரரை அனுமதிக்காதீர்கள் என்பதுதான். அவருக்கு அது வசதி, உங்களுக்கு அன்று. இரண்டு அடுப்பில் இரண்டு தவணையாகச் சமைக்கச் சொல்லிப் பேசிவிட்டே முன்பணம் கொடுங்கள்.

வளைகாப்புக்கு வரும் கலவைச் சாதங்களில் கெடும் வேகம் ஒன்றுபோல் இராது. புளியின் புளிப்பு புளிசாதத்தை ஓரளவு காக்கும். தேங்காய்ச் சாதமும் தயிர்ச் சாதமும் விரைவில் கெடுபவை. அவற்றைக் கடைசியாகக் கலக்கட்டும். பிறந்தநாள் விருந்துக்கு மயோனைஸ் வாங்குவோர் கவனிக்க: பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததே அதன் ஆபத்தைச் சொல்லும். குடிநீரையும் மோரையும் பற்றி ஒரு சொல்: மோரில் கலக்கும் தண்ணீரும் பனிக்கட்டியும் எங்கிருந்து வந்தவை என்று கேளுங்கள்.

நோயாளியின் இலை

விருந்தினர் அனைவரும் உண்ட பிறகே வீட்டார் உண்பது நம் மரபு. இன்சுலின் போடுபவருக்கு இந்த மரபு பகை. காலை எட்டு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, "பந்தி நடக்கிறது, இதோ வருகிறேன்" என்று பரிமாறிக்கொண்டே நின்று, பதினொரு மணிக்கு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறிச் சரிந்த வீட்டுத் தலைவர்கள் பலர். கூட்டத்தில் அதை அலைச்சல் என்றே எல்லோரும் நினைப்பார்கள். சர்க்கரை குறைவதன் அறிகுறி அது. உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்; 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள்; தேறவில்லை எனில் மறுபடி கொடுங்கள்; தேறியதும் சாப்பிடச் செய்யுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை மாத்திரை உண்போருள்ளும் சிலருக்கு இது நேரும். ஆகவே நோயாளிக்கு முதல் பந்தியில் இலை போடுங்கள். இனிப்பு வைக்காத இலையாக அன்று, ஒரு கரண்டி கேசரியோடு சோறு குறைந்த இலையாக. முழுவதும் மறுத்தால் மறைவில் உண்பார். எங்கள் அனுபவம் அது.

டயாலிசிஸ் நோயாளிக்கு மரியாதையே ஆபத்தாக வரும். வந்தவரை வரவேற்கும் இளநீர், வாழைப்பழம், பழச்சாறு மூன்றிலும் பொட்டாசியம் மிகுதி. "ஒரு வாய்தானே" என்று ஐந்து உறவினர் வற்புறுத்தினால் ஐந்து வாய். அன்றைக்கு அவர் பருகலாம் என்று மருத்துவர் குறித்த நீரின் அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் அருகில் வைத்துவிடுங்கள். ரசமும் மோரும் காப்பியும் அந்தக் கணக்கில்தான் சேரும். காப்பி குடித்தால் அதே அளவு பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு தாகத்தை ஏற்றும். தாகம் கணக்கைக் கெடுக்கும்.

வளைகாப்பு வீட்டில் இன்னொன்று. டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு செய்துள்ளவர்கள் அந்தக் கையில் இறுக்கமான வளையல் அணியக் கூடாது; சீர்த்தட்டின் பாரத்தையும் அந்தக் கையில் தாங்கக் கூடாது. கண்ணாடி வளையல் உடைந்து குத்தினாலும் தொல்லை. நாங்கள் முதலில் சொன்ன அம்மையாருக்கு இதைச் சொல்ல எங்களுக்கே கடைசி நேரத்தில்தான் தோன்றியது. மகளுக்கு வளையல் பூட்டியவர், தமக்குப் பூட்ட வந்தபோது மற்றக் கையை நீட்டினாராம்.

பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோருக்குப் பாயசமும் தண்ணீரும் சோற்றைவிட எளிதில் மூச்சுக்குழாயில் இறங்கும். நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, பேச்சுக் கொடுக்காமல், சிறு வாயாக உண்ண வேண்டும். பந்தி வரிசையில் இது நடக்காது. தனியே உண்ணச் செய்யுங்கள்.

ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு பொறுப்பாளர்

வீட்டில் ஓர் அறையையாவது பந்தல்காரருக்கும் பாத்திரத்துக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். நோயாளியின் மருந்து, உடை, கழிப்பறைக்குச் செல்லும் வழி எல்லாம் வழக்கமான இடத்திலேயே இருக்கட்டும். விசேஷ நாளில் மாத்திரைப் பெட்டி பீரோவின் மேல் ஏறி, மூன்று நாள் கழித்துக் கிடைத்த கதைகள் உண்டு.

கைப்பிடியில்லாப் பிளாஸ்டிக் நாற்காலி இடுப்பும் முழங்காலும் தளர்ந்தவருக்கு ஆகாது. கைப்பிடி உள்ள, சற்று உயரமான நாற்காலியை வாசலுக்கு எதிரே போடாமல் ஓரமாகப் போடுங்கள். வருவோர் எல்லாம் காலில் விழ, நலம் விசாரிக்க, நோயின் வரலாற்றை அவர் நாற்பது முறை சொல்லவேண்டிய நிலை அப்போது வராது. "எப்படி இப்படி இளைத்துவிட்டீர்கள்?" என்ற கேள்வி அன்பினால் கேட்கப்படுவதே, ஆனால் அன்று மாலைக்குள் அது மனத்தை ஒடித்துவிடும். மறதி நோய் உள்ளவருக்குக் கூட்டமும் இரைச்சலும் அச்சத்தைத் தரும். கூட்டத்தினிடையே எழுந்து வெளியே நடந்துவிடுபவர்களும் உண்டு. அவருடன் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும்.

மைக்செட் வைத்தே ஆக வேண்டுமா என்று கேட்டு நாங்கள் யாருடைய பகையையும் தேடிக்கொள்ள விரும்பவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. அதையாவது கடைப்பிடியுங்கள், முந்திய இரவு நோயாளி உறங்கினால்தான் மறுநாள் உட்கார முடியும்.

பொறுப்பாளரைப் பற்றி. பொதுவாக நோயாளியைக் கவனிப்பவரே விசேஷத்தின் பாதிச் சுமையையும் சுமப்பார். பெரும்பாலும் அது மருமகள் அல்லது மனைவி. பூ வந்ததா, வாழைமரம் கட்டியாயிற்றா, மாமன் சீர் எப்போது வரும் என்று ஓடுபவரால் பத்து மணி மாத்திரையை நினைவில் வைக்க இயலாது. அன்று ஒரு நாள் மட்டும் அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். மில் வேலைக்குச் செல்லும் தம்பி மகன் விடுப்பில் வந்திருப்பான். கல்லூரியில் படிக்கும் பெண் இருப்பாள். இளையவர்கள் இதைச் செம்மையாகச் செய்கின்றார்கள், கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு. மருந்து நேரம், உணவு நேரம், ஓய்வு நேரம், மருத்துவமனைத் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். வண்டி ஒன்று பந்தலுக்கு வெளியே, எடுக்கக்கூடிய நிலையில் நிற்கட்டும். பந்தலும் விருந்தினர் வாகனங்களும் தெருவை அடைத்துவிட்டால் 108 வாகனம் வீட்டு வாசலுக்கு வர இயலாது.

மறுநாள்

மிஞ்சிய பிரியாணியை அண்டாவோடு மூடி வைத்து மறுநாள் உண்பது கூடாது. விருந்து முடிந்த உடனே அக்கம்பக்கத்தார்க்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். நோயாளிக்கு மறுநாள் புதிதாக வடித்த சோறே ஆகட்டும்.

காலையில் எழுந்ததும் இதய நோயாளியும் சிறுநீரக நோயாளியும் எடை பார்க்க வேண்டும். இதய நோயாளிக்கு மூன்று நாள்களுக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடியிருந்தால், அது விருந்தில் ஏறிய சதை அன்று. உடலில் தேங்கிய நீர். கால் வீங்கினாலும், தலையணையை உயர்த்தி வைத்தால்தான் மூச்சு விட முடிகின்றது என்றாலும், காத்திராமல் வந்துவிடுங்கள். டயாலிசிஸ் நோயாளி, அடுத்த முறை வருவதற்கு முன்பே எவ்வளவு ஏறியது என்பதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம். யாரும் கடிந்துகொள்ள மாட்டோம்.

அந்த அம்மையார் அடுத்த செவ்வாயன்று வந்தபோது எடை சற்றுக் கூடித்தான் இருந்தது. இளநீர் குடிக்கவில்லை என்றும், ரசம் மட்டும் இரண்டு முறை வாங்கிக்கொண்டதாகவும் தாமாகவே சொன்னார். இயந்திரத்தை இணைக்கும்வரை, கைப்பேசியில் மகளின் வளையல் அடுக்கிய கையைச் செவிலியர் ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.